பியானோவுக்குள் ஊதிய டிரம்பெட்

1984இல் லாஸ் ஏஞ்சலஸில் அரங்கேறிய ஓர் இசைப் படைப்பில் பியானோ கலைஞர் தம் விரலால் ஒரு சுரத்தைக்கூட ஒலிக்க விடுவதில்லை. சத்தம் எழாதபடி கட்டைகளை மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் டிரம்பெட் கலைஞர் ஊதுகிறார். ஊதிக்கொண்டே அவ்வப்போது திரும்பி, மூடி திறந்திருக்கும் பியானோவின் வயிற்றுக்குள் ஊதுகிறார். அவர் நிறுத்தியதும் உள்ளேயிருந்து பதில் வருகிறது. யாரும் தட்டாத கம்பிகள் டிரம்பெட்டின் ஓசையை வாங்கி வைத்திருந்து, மெல்லிய கூட்டொலியாகத் திருப்பித் தருகின்றன. இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ எழுதிய ‘செக்வென்ட்ஸா 10’ அது. முதலில் ஊதியவர் தாமஸ் ஸ்டீவன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதன்மை டிரம்பெட் கலைஞர்.

டிரம்பெட்டும் பியானோவும் நமக்கு அந்நியமல்ல. கல்யாண ஊர்வலத்து பேண்டு வாத்தியத்திலும் சினிமாப் பாட்டின் இடையிசையிலும் டிரம்பெட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்தக் கருவி பிறந்தது கூடத்தில் உட்கார்ந்து கேட்பதற்காக அல்ல. போர்க்களத்தின் இந்த முனையில் ஊதினால் அந்த முனையில் கேட்க வேண்டும் என்பதற்காக. அப்படிப்பட்ட கருவி ஓர் அறைக்குள் வந்து, பியானோவுக்குப் பக்கத்தில் நின்று, அதன் கம்பிகளோடு தாழ்ந்த குரலில் பேசும் நிலைக்கு எப்படி வந்தது? வழியில் ஒரு கொல்லுலை வருகிறது, தபால் வண்டி வருகிறது, பல்லை உடைக்க ஆள் அனுப்பிய பிரபு ஒருவரும் வருகிறார்.

எகிப்திலிருந்து தொடங்கலாம். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறையில் இரண்டு டிரம்பெட்டுகள் இருந்தன. ஒன்று வெள்ளி, மற்றது செப்புக் கலவை. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஊமையாகக் கிடந்தவை. 1939 ஏப்ரல் 16 அன்று ஜேம்ஸ் டாப்பர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ இசைஞர் கெய்ரோவில் அவற்றை ஊத, பிபிசி வானொலி அதை உலகத்துக்கு ஒலிபரப்பியது. பழங்காலக் குழாய்க்கு அவர் தற்கால ஊதுவாயைப் பொருத்திக்கொண்டார் என்பதால், ஃபாரோவின் வீரர்கள் கேட்டது இதே ஒலிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. 2011 கிளர்ச்சியின்போது கெய்ரோ அருங்காட்சியகத்திலிருந்து செப்பு டிரம்பெட் திருடுபோய், பிறகு திரும்பி வந்தது.

துளையும் வால்வும் இல்லாத குழாய்க்கு ஒரு விதி உண்டு. நம் எக்காளத்துக்கும் கொம்புக்கும் அதே விதிதான். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் குழாய் சில சுரங்களை மட்டுமே தரும்: ச, அதன் மேல் ச, ப, மீண்டும் ச, பிறகு க, ப என்று. கீழே சுரங்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள். மேலே போகப் போகப் படிகள் நெருங்கும். எட்டாவது படியை எட்டினால்தான் ச, ரி, க என அடுத்தடுத்து கிடைக்கும். எனவே தாழ்ந்த பகுதியில் கிடைப்பது படைக்கான சைகை. மெட்டு வேண்டுமென்றால் உச்சிக்கு ஏற வேண்டும். அந்த உச்சியில் ஒரு மயிரிழை பிசகினாலும் பக்கத்துச் சுரம் வந்து விழும்.

அந்த உச்சியில் நடந்து பார்த்தவர்களில் ஒருவர் ஜிரோலமோ ஃபன்டீனி. ஃப்ளாரன்ஸ் நகரில் டஸ்கனிப் பெருங்கோமகன் இரண்டாம் ஃபெர்டினாண்டோவின் அரண்மனைத் தலைமை டிரம்பெட்காரர். 1634இல் ரோமில் கர்தினால் போர்கேசேயின் இல்லத்தில் அவர் டிரம்பெட் ஊத, ஆர்கனில் அமர்ந்து உடன் வாசித்தவர் ஜிரோலமோ ஃப்ரெஸ்கோபால்டி, அக்காலத்தின் மிகப் பெரிய ஆர்கன் மேதை. தனி டிரம்பெட்டும் ஒரு கட்டை வாத்தியமும் சேர்ந்து இசைத்ததாக நமக்குக் கிடைக்கும் முதல் செய்தி இதுதான். செய்தியைப் பாதுகாத்துத் தந்தவர் பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென். கணித மாணவர்கள் இன்றும் மெர்சென் பகா எண்கள் என்று படிக்கிறார்களே, அவரேதான். ஃபன்டீனி குழாயில் இல்லாத சுரங்களையும் உதட்டாலேயே வளைத்து எடுத்தார் என்று மெர்சென் கேள்விப்பட்டார். மற்ற டிரம்பெட்காரர்கள் அவை கலங்கிய போலிச் சுரங்கள் என்றார்களாம். நான் ஃபன்டீனியின் பக்கம். 1638இல் அவர் வெளியிட்ட பயிற்சி நூலில் டிரம்பெட்டுக்கும் ஆர்கனுக்கும் எழுதிய சொனாட்டாக்கள் அச்சிலேயே இருக்கின்றன. படைமுகாமிலிருந்து அறைக்குள் டிரம்பெட் எடுத்து வைத்த முதல் அடி அந்தப் பக்கங்களில் கிடக்கிறது.

ஆனால் ஜெர்மானிய நாடுகளில் அந்த அடிக்கு அரசர்களின் அனுமதி வேண்டியிருந்தது. 1623இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் டிரம்பெட்காரர் சங்கத்துக்குத் தனி உரிமைகள் வழங்கினார். யார் ஊதலாம், எங்கே ஊதலாம், யாருக்குக் கற்பிக்கலாம் என்பதெல்லாம் சங்கத்தின் கையில். டிரம்பெட் ஒலி அரசின் மாட்சிமைக்கு அடையாளம், கண்டவர் ஊதுவதற்கில்லை. இந்த வேலி கலையைப் பூட்டி வைத்தது, உள்ளே ஆழமாக வளரவும் செய்தது. நியூரம்பர்க் பட்டறைகளில் பித்தளைத் தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த கைவினைஞர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஐரோப்பா முழுவதற்கும் டிரம்பெட் விற்றன.

அந்த உச்சிக் கலையின் கடைசிப் பெரியவர்களில் ஒருவர் லைப்சிக் நகர இசைஞர் காட்ஃப்ரீட் ரைஷே. பாக் எழுதிய கடினமான டிரம்பெட் பகுதிகள் பலவற்றை ஊதியவர் அவரே என்று கருதப்படுகிறது. 1734 அக்டோபர் 5 அன்று இரவு, மன்னரைக் கௌரவிக்க லைப்சிக் சந்தைத் திடலில் பாக்கின் இசை. நூற்றுக்கணக்கான மாணவர்கள் பந்தம் பிடித்து நின்றார்கள். 67 வயது ரைஷே அந்தப் புகையில் ஊதினார். மறுநாள் வீடு திரும்பும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். ஊதிய களைப்பும் பந்தப் புகையும்தான் காரணம் என்று நகரக் குறிப்பு சொல்கிறது.

இதற்கிடையே மற்ற கருவி பிறந்துவிட்டது, அதுவும் ஃபன்டீனி ஊதிய அதே ஃப்ளாரன்ஸில், அதே மெடிசி குடும்பத்தின் நிழலில். 1700 வாக்கில் பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி, கம்பியை மீட்டாமல் சிறு சுத்தியால் தட்டும் கட்டை வாத்தியத்தைச் செய்தார். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடும், குறையும். இத்தாலியர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஷிப்பியோனே மாஃபெய் என்ற எழுத்தாளர் 1711இல் ஒரு பத்திரிகையில் படத்தோடு கட்டுரை எழுதினார். அது 1725இல் ஜெர்மனில் மொழிபெயர்ப்பானது. அதன் பிறகு சாக்ஸனியின் ஆர்கன் தச்சர் காட்ஃப்ரீட் சில்பர்மன் அதே அமைப்பில் பியானோ செய்யத் தொடங்கினார். ஒரு பத்திரிகைக் கட்டுரை ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இன்னொரு நாட்டுப் பட்டறையில் கருவியாக முளைத்தது.

சில்பர்மனின் ஆரம்பப் பியானோக்களைத் தொட்டுப் பார்த்த பாக், மேல் சுரங்கள் வலுவில்லை, கட்டை கனக்கிறது என்றார். சில்பர்மனுக்குக் கோபம். ஆனாலும் பல ஆண்டுகள் உழைத்துத் திருத்தினார். பாக் பிறகு பாராட்டினார். 1749இல் ஒரு பியானோ விற்றுக் கொடுத்ததற்கான ரசீதிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. சில்பர்மன் வெறும் நகல்காரர் அல்ல. பியானோக் கம்பிகளின்மேல் ஒலியை அடக்குவதற்கென்று டாம்பர் என்ற மெத்தைத் துண்டுகள் படிந்திருக்கும். அவை அத்தனையையும் ஒரே நேரத்தில் தூக்கிவிடும் வசதியைச் சேர்த்தவர் அவர். இன்று பியானோவின் வலது மிதி செய்யும் வேலை அது. தூக்கிவிட்டால் கம்பிகள் எல்லாம் சுதந்திரமாகிவிடும், காற்றில் வரும் எந்த ஓசைக்கும் சிலிர்க்கும். ரைஷேக்கு டிரம்பெட் எழுதிய பாக் இந்தக் கருவியையும் அறிந்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

சேர்த்துப் பார்க்கும் காலம் வியன்னாவில் வந்தது. 1800 மார்ச் 28 அன்று பர்க் தியேட்டரில் அரசவை டிரம்பெட்காரர் அன்டோன் வைடிங்கர் ஒரு புதுக் கருவியோடு மேடையேறினார். குழாயில் துளைகள் இட்டு, புல்லாங்குழல் வகையில் மூடிகள் வைத்த டிரம்பெட். அதற்காகவே ஹைடன் 1796இல் எழுதிக் கொடுத்த கன்செர்ட்டோவை அன்று வாசித்தார். அதுவரை உச்சியில் மட்டுமே கிடைத்த மெட்டு அன்றைக்குத் தாழ்ந்த பகுதியில், பாட்டுக்காரரின் குரல் போல இறங்கி வந்தது. துளையிட்டதால் ஒலியின் பளபளப்பு குறைந்தது என்ற குறையும் உடன் வந்தது. வைடிங்கருக்குப் பிறகு கருவி வெகுகாலம் நிலைக்கவில்லை. ஹைடனின் கன்செர்ட்டோவும், 1803இல் ஹும்மல் வைடிங்கருக்கு எழுதியதும், நூறாண்டுக்கும் மேல் தூங்கிப் போயின.

அதே பர்க் தியேட்டர், மூன்றே வாரம் கழித்து, ஏப்ரல் 18. இப்போது ஹார்ன் என்ற இன்னொரு பித்தளைக் கருவி. ஜியோவன்னி புன்டோ என்ற உலகப் புகழ் ஹார்ன் கலைஞரோடு பியானோவில் அமர்ந்தவர் 29 வயது பேத்தோவன். அரங்கேறியது ஹார்னுக்கும் பியானோவுக்குமான சொனாட்டா, ஓபஸ் 17. புன்டோவின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவருடைய இயற்பெயர் யான் வாட்ஸ்லாவ் ஷ்டிக், பொஹீமியாவில் துன் பிரபுவின் பண்ணையாள். பிரபுவே செலவிட்டு ஹார்ன் கற்கவைத்தார். ஷ்டிக் ஒருநாள் எல்லை தாண்டி ஓடினார். பிடித்து வர ஆட்களை அனுப்பிய பிரபு, பிடிபடாவிட்டாலும் முன்பற்களையாவது உடைத்துவிட்டு வாருங்கள் என்றாராம். முன்பல் போனால் ஹார்ன் ஊத முடியாது. பல்லோடு தப்பியவர் இத்தாலியப் பெயர் வைத்துக்கொண்டு ஐரோப்பாவையே வலம் வந்தார். அந்தச் சொனாட்டாவை இருவரும் அடுத்த மாதம் ஹங்கேரியில் வாசித்தபோது, புன்டோவைத் தெரியும், யார் இந்தப் பேத்தோவன் என்று உள்ளூர் விமர்சகர் கேட்டார்.

அச்சிட்ட பதிப்பகத்துக்கு வேறு கவலை. புன்டோ அளவுக்கு ஊதுபவர்கள் எத்தனை பேர் வாங்குவார்கள்? எனவே ஹார்னுக்குப் பதில் செல்லோவிலும் வாசிக்கலாம் என்று போட்டு விற்றார்கள். பித்தளைக் கருவியும் பியானோவும் சரிக்குச் சரி நின்ற முதல் பெரும் படைப்பு, வயலின் குடும்பத்து உறவினருக்கும் சேர்த்தே கடைக்கு வந்தது.

மூடிகளால் முடியாததைச் சுரங்கத் தொழில் முடித்து வைத்தது. ஹைன்ரிஷ் ஸ்டோல்ஸல் சிலேசியாவில் ப்ளெஸ் இளவரசரின் ஹார்ன்காரர். ஃப்ரீட்ரிஷ் ப்ளூமெல் அதே சிலேசியாவின் சுரங்க இசைக்குழுவில் ஊதியவர். கொல்லுலைக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களில் காற்றைத் திருப்பிவிடும் வால்வுகளைப் பார்த்துத் தமக்கு யோசனை பிறந்தது என்று ப்ளூமெல் பிற்பாடு சொன்னார். 1814இல் ஸ்டோல்ஸல் பிரஷ்ய மன்னருக்குக் கடிதம் எழுதினார். யார் முதலில் கண்டார் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. 1818இல் இருவர் பெயரிலும் பத்தாண்டுக் காப்புரிமை வழங்கப்பட்டது. ப்ளூமெலின் பங்கை ஸ்டோல்ஸல் 400 தாலருக்கு வாங்கிக்கொண்டார். பித்தளை இசையின் முழு எதிர்காலமும் கைமாறிய விலை அது.

வால்வின் தந்திரம் எளிது. ஒரு பிஸ்டனை அமுக்கினால் காற்று கூடுதல் வளைவு ஒன்றுக்குள் சுற்றி வரும், குழாய் அந்தக் கணத்தில் நீளமாகும், ஒலி இறங்கும். ஒன்று அரைச்சுரம் இறக்கும், ஒன்று முழுச்சுரம், ஒன்று ஒன்றரை. மூன்று விரலால் ஏழு நீளங்கள். ஏழு நீளங்களால் பன்னிரண்டு சுரங்களும் கீழிருந்து மேல்வரை. ஃபன்டீனி உதட்டைக் கிழித்துக்கொண்டு தேடியவை இப்போது எந்த மாணவரின் விரலிலும் கிடைத்தன.

காப்புரிமை பிரஷ்யாவுக்குள் மட்டும்தானே செல்லும். பெர்லின் அரசவை இசை இயக்குநர் ஸ்பொன்டீனி வால்வ் வைத்த கருவிகளைப் பாரிஸுக்கு அனுப்பி வைத்தார். பார்த்த பாரிஸ் பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஹலாரி என்ற கைவினைஞர் 1820களின் இறுதியில் தபால் வண்டிக்காரர் ஊதும் சிறு சுருள் கொம்பில் வால்வுகளைப் பொருத்தினார். பிறந்தது கார்னெட். 1839இல் பிரான்சுவா பெரினே பிஸ்டனைச் செப்பனிட்டார். இன்று கடையில் வாங்கும் டிரம்பெட்டிலும் இருப்பது பெரும்பாலும் அந்தப் பிஸ்டன்தான்.

சங்கமும் மாட்சிமையும் கார்னெட்டுக்குக் கிடையாது. தபால்காரப் பரம்பரை. அதுவே அதன் பலம். நடுத்தர வர்க்கத்து வீடுகளில் பியானோ நுழைந்துகொண்டிருந்த காலம். ஓபரா மெட்டுகளைக் கார்னெட்டும் பியானோவுமாக மாலை நேரத்தில் வாசிப்பதற்கென்றே பதிப்பகங்கள் தாள்களை அச்சிட்டுத் தள்ளின. இந்தக் கூட்டத்தின் நாயகன் ஜான்-பாப்டிஸ்ட் ஆர்பன். 1864இல் வந்த அவருடைய பயிற்சி நூலை உலகெங்கும் டிரம்பெட் மாணவர்கள் இன்றும் வேதம் என்று சொல்லிப் புரட்டுகிறார்கள். 1869இல் பாரிஸ் கன்சர்வேட்டரி கார்னெட்டுக்கு வகுப்பு திறந்து அவரை அமர்த்தியது. அந்த நூலின் கடைசியில் இருக்கும் ‘வெனிஸ் திருவிழா’ மாறுபாடுகள், ஒருவரே இருவராக ஊதுவது போல ஒலிப்பவை. ஆர்பன் இசைச் சிந்தனையாளர் என்பதைவிட வித்தைக்காரர் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரம்பெட்டுக்குப் பாடவும் வேகமாகப் பேசவும் தெரியும் என்று எல்லாரையும் நம்ப வைத்தவர் அவர்.

அதே வால்வுகள் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களிடமும் சுரங்கத் தொழிலாளர்களிடமும் போய்ச் சேர்ந்தன. மான்செஸ்டரில் 1853 முதல் பித்தளை பேண்டுகளுக்குப் பெரும் போட்டி நடந்தது. ராணுவ பேண்டுகளோடு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. நம் தெரு ஊர்வலம்வரை நடந்து வந்த தடம் அது.

பியானோவோடு சேர்ந்த படைப்புகள் குவியக் காரணம் மேடையல்ல, பரீட்சைக் கூடம். பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு கருவிக்கும் போட்டித் தேர்வு. அதற்குப் புதிதாக ஒரு படைப்பை எழுதித் தரச் சொல்வது வழக்கம். மாணவருக்கு ஓர் இசைக்குழுவையே கூப்பிட முடியாது. ஒரு பியானோ போதும். சிக்கனத்தில் பிறந்த இந்த ஏற்பாடு, பித்தளைக் கருவியும் பியானோவும் என்ற வடிவத்துக்கு ஆண்டுதோறும் உணவு போட்டது. 1906இல் ஹார்ன் தேர்வுக்கு டுகாஸ் ‘வில்லனெல்’ எழுதினார்; டிரம்பெட் தேர்வுக்கு ருமேனியரான ஜார்ஜ் எனெஸ்கு ‘லெஜாண்ட்’ எழுதி, பேராசிரியர் மெரி ஃப்ரான்கானுக்குக் காணிக்கையாக்கினார். அந்தக் காலத்து நீண்ட டிரம்பெட்டை விட்டு, சி சுருதியில் அமைந்த குட்டை டிரம்பெட்டைப் பரப்பப் பாடுபட்டவர் ஃப்ரான்கான். ‘லெஜாண்ட்’ மெல்லத் தொடங்குகிறது, நடுவில் கொதிக்கிறது, கருவியின் வாயில் அடைப்பான் வைத்து மெல்லவே முடிகிறது. தேர்வுக்காக எழுதிய படைப்பு இவ்வளவு உள்முகமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அட்லாண்டிக்கின் மறுபக்கத்தில் தேர்வும் இல்லை, தாளும் இல்லை. 1912இன் கடைசி இரவில் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காக ஒரு பதினொரு வயதுப் பையனைப் பிடித்துச் சீர்திருத்த இல்லத்தில் போட்டார்கள். அங்கே அவன் கைக்கு வந்தது கார்னெட். அவன்தான் பின்னாளில் ஜாஸ் டிரம்பெட் மேதையான லூயி ஆம்ஸ்ட்ராங். 1928 டிசம்பர் 5 அன்று சிகாகோவில் அவரும் பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸும் மட்டும் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று ‘வெதர் பேர்ட்’ என்ற பழைய மெட்டை வாசித்தார்கள். தாளம் பிடிக்க வேறு ஒருவரும் இல்லை. ஹைன்ஸின் தகப்பனார் கார்னெட் ஊதியவர். மகனும் அதைத்தான் முதலில் எடுத்தார், ஊதினால் காதுக்குப் பின்னால் வலித்ததால் பியானோவுக்குத் தாவினார். ஆனால் வலது கையால் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அடித்து, டிரம்பெட் வாக்கியங்களையே பியானோவில் பேசினார். ‘டிரம்பெட் பாணிப் பியானோ’ என்றே அதற்குப் பெயர் வந்தது. கேட்டுப் பாருங்கள்: மூன்று நிமிடத்துக்கும் குறைவான அந்தப் பதிவில் ஒருவர் காலை வாரிவிட, மற்றவர் விழாமல் திரும்பி வந்து இவரை வாருகிறார். இருவருமே டிரம்பெட், இருவருமே பியானோ.

பதினோரு ஆண்டு கழித்து, 1939இல், சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமம் ப்ளூஷில் பால் ஹின்டமித் டிரம்பெட்டுக்கும் பியானோவுக்கும் ஒரு சொனாட்டா எழுதினார். நாஜிகள் முந்தைய ஆண்டுதான் அவருடைய இசையைச் சீரழிந்த இசை என்று டியூசல்டார்ஃப் கண்காட்சியில் இழிவுபடுத்தியிருந்தார்கள். போர் மூண்டுவிட்டது. இறுதிப் பகுதி இரங்கலிசை. முடிவில் டிரம்பெட் பாடுவது, எல்லா மனிதரும் இறந்தே தீர வேண்டும் என்ற பழைய லூத்தரன் தேவாலயப் பாட்டின் மெட்டு. படையைக் கூப்பிட்ட கருவி இங்கே படையால் செத்தவர்களுக்காக நிற்கிறது, பியானோ அடியில் கனமாக நடக்கிறது. ஹார்ன், டிராம்போன், ஆல்டோ ஹார்ன், டியூபா என்று ஒவ்வொரு பித்தளைக் கருவிக்கும் அவர் சொனாட்டா எழுதினார். பாக்கை வாசித்துப் புகழ் பெற்ற கிளென் கூல்ட் 1970களில் அத்தனையையும் விரும்பிப் பதிவு செய்தார். துணைக்கு வாசிப்பவரின் வேலை என்று மற்றவர்கள் ஒதுக்கிய பியானோ பகுதியில் அவர் ஒரு முழு வாத்தியத்தின் சிந்தனையைக் கண்டார்.

பித்தளை பேண்டுகளின் மான்செஸ்டரில் 1955இல் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் என்ற இசை மாணவர் டிரம்பெட், பியானோ சொனாட்டாவைத் தம் ஓபஸ் 1 ஆக எழுதினார். சக மாணவர்கள் எல்கர் ஹோவார்த் டிரம்பெட், ஜான் ஓக்டன் பியானோ. ஆலைத் தொழிலாளரின் கருவி அங்கே ஐரோப்பாவின் மிகக் கடினமான புதிய இசையைப் பேசியது.

இப்போது பெரியோவிடம் வரலாம். 1925இல் இத்தாலியக் கடலோர ஊரான ஒனேலியாவில் பிறந்தவர். தாத்தாவும் தகப்பனாரும் ஆர்கன் கலைஞர்கள். பியானோ கலைஞராக வேண்டியவர். இரண்டாம் உலகப் போரில் கட்டாயமாகப் படைக்கு அழைக்கப்பட்டு, துப்பாக்கி பழகும்போது கை காயப்பட்டது. அதோடு பியானோ வாழ்க்கை முடிந்து, இசையமைப்பில் இறங்கினார். 1958இல் புல்லாங்குழலில் தொடங்கி ஒவ்வொரு தனிக் கருவிக்காக ஒன்று என எழுதிய வரிசைதான் செக்வென்ட்ஸா. 1966இல் டிராம்போனுக்கு எழுதியது, ஒனேலியாவில் அண்டை வீட்டுக்காரராக இருந்த குரோக் என்ற மாபெரும் சர்க்கஸ் கோமாளிக்கு அஞ்சலி. அதே ஆண்டு பியானோவுக்கு எழுதியதில் நடு மிதியை இசையின் முதுகெலும்பாக்கினார். நடு மிதி, அப்போது அமுங்கியிருக்கும் கட்டைகளின் கம்பிகளை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர் புவாஸலோ 1844இலேயே பாரிஸ் கண்காட்சியில் காட்டிய யோசனை அது, யாரும் கவனிக்கவில்லை. 1874இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஸ்டைன்வே காப்புரிமை எடுத்த பிறகுதான் உலகம் கவனித்தது.

தட்டாமலே கம்பியை ஒலிக்க வைப்பதும் பெரியோவோடு தொடங்கியதல்ல. ஷூமன் 1835 வாக்கில் ‘கார்னவால்’ தொகுப்பில் பகனினி பெயரிலான பகுதியின் முடிவில், சில கட்டைகளைச் சத்தமின்றி அமுக்கச் சொன்னார்; அதற்குமுன் அடித்த சுரங்களின் நிழல் அந்தக் கம்பிகளில் மிதந்து வரும். 1909இல் ஷோன்பெர்க் ஓபஸ் 11இல் அதையே மீண்டும் கேட்டார். 1923இல் அமெரிக்கர் ஹென்றி கவல் கட்டைகளை ஓசையின்றி அமுக்கி, உள்ளே கையை விட்டுக் கம்பிகளை வருடினார். ஆனால் அங்கெல்லாம் பியானோ தன்னோடுதான் பேசிக்கொண்டது.

பெரியோ அந்தக் கதவை டிரம்பெட்டுக்குத் திறந்துவிட்டார். இயற்பியல் பாடத்தில் படித்த ஒத்ததிர்வுதான். டிரம்பெட் ஒரு சுரத்தை ஊதுகிறது. டாம்பர் விலகிய கம்பிகளில் எதனுடைய இயல்பான அதிர்வு அதனோடு பொருந்துகிறதோ அது சிலிர்க்கும், மற்றவை அமைதி காக்கும். பியானோ கலைஞர் பிடிக்கும் கட்டைகளை மாற்றினால், அதே டிரம்பெட் சுரத்துக்கு வேறு பதில் வரும். ஆக, ஓசை எழுப்பாத கலைஞர் உண்மையில் எதிரொலிக்கு ராகம் தேர்ந்து கொடுக்கிறார். டிரம்பெட் பகுதியோ ஈவிரக்கமில்லாதது: நாவால் வேக வெட்டுகள், வால்வுகளில் நடுக்கம், நீண்டு நிற்கும் மூச்சு, பதினைந்து நிமிடத்துக்கும் மேலாக உதட்டுக்கு ஓய்வு மிகக் குறைவு. ஊதும் கருவி சி சுருதி டிரம்பெட், அதாவது ஃப்ரான்கான் பாடுபட்டு நிலைநிறுத்திய அதே குட்டைக் கருவி. பதில் சொல்லும் கம்பிகளுக்குச் சுதந்திரம் தந்தது சில்பர்மனின் யோசனைக்கு வாரிசான பொறி. மூன்று ஆண்டு கழித்து, 1987இல், ஒலியும் வெளியும் பற்றிய ஆய்வுக்காக ‘டெம்போ ரியாலே’ என்ற நிலையத்தைப் பெரியோ நிறுவியது எங்கே தெரியுமா? ஃபன்டீனியும் கிறிஸ்தோஃபோரியும் வேலை பார்த்த ஃப்ளாரன்ஸில்.

வீட்டிலோ பள்ளியிலோ பழைய பியானோ ஒன்று இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். மூடியைத் திறந்து, வலது மிதியை அமுக்கிக்கொண்டு, உள்ளே குனிந்து ஒரு ‘ஆ’ பாடுங்கள். உங்கள் சுருதியும், ஓரளவுக்கு அந்த எழுத்தின் சாயலும் திரும்ப வரும். குழந்தைகளுக்குக் காட்டினால் பியானோவை விட்டு நகர மாட்டார்கள்.

பெரியோவுக்கும் அந்த ஒலி விடவில்லை. 1996இல் செக்வென்ட்ஸா 10இன் டிரம்பெட் பகுதியை மையமாக வைத்து, அதைச் சுற்றி ஒரு சிறு இசைக்குழுவை வளர்த்து, ‘கோல் ஓட்’ என்ற படைப்பை எழுதினார். கம்பிகள் தந்த எதிரொலியின் இடத்தில் இப்போது பல கருவிகள். அதை முதலில் ஊதியவர் கப்ரியேலே கஸ்ஸோனே. செக்வென்ட்ஸா 10ஐயும் ஒலிப்பதிவு செய்திருக்கும் இந்த இத்தாலியருக்கு இன்னொரு புகழும் உண்டு: வால்வே இல்லாத பழைய டிரம்பெட்டில், ரைஷேயின் காலத்துப் பாக்கை, உச்சிச் சுரங்களில் நின்று ஊதுவதில் அவர் கைதேர்ந்தவர்.